எண்ணும் எழுத்தும் ஒருங்கு கற்பிக்குங் கல்லூரிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவகைக் கல்லூரிகள் உள. அவை பல்கலைக்கழகங்கள் அல்ல. பல்கலைக்கழகங்களின் கிளைகளும் அல்ல. தாமே பட்டம் வழங்குவன. பெரும்பாலும் ஆயிரம் முதல் மூவாயிரம் வரையான மாணவரைக் கொண்டவை. நான்காண்டுக் கல்வியைக் கொடுத்து இளமாணிப் பட்டத்தோடு மாணவரை வழியனுப்பி வைப்பன. ஆங்கிலத்தில் இவற்றை 'லிபரல் ஆட்ஸ்' கல்லூரிகள் என வழங்குவர்.

இப்பெயரைக் கேட்டவுடன் நம்மவர் 'கலைக் கல்லூரி' என்று மொழிபெயர்த்து விடுகின்றனர். அம்மொழிபெயர்ப்பினால் விளையும் இடர் சிறிதன்று. உயர்தர வகுப்பிலே கலைப்பிரிவு, வர்த்தகப் பிரிவு, உயிரியற் பிரிவு, கணிதப் பிரிவு என வகுத்துப் பழகியவர்கள் நாம். ஆதலின், 'கலை' என்றவுடன் கணிதமும் விஞ்ஞானமும் புகாத கல்வி என்பதே நமக்குப் பொருளாகத் தோன்றுகின்றது. விஞ்ஞானத்தில் விருப்புடைய மாணவன் அப்பக்கம் திரும்பிப் பாரான். பெற்றோரும் பார்க்க விடார். ஆயின், உண்மை வேறு. அந்நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானிகள் பலர் இத்தகைய சிறு கல்லூரிகளிலிருந்தே புறப்பட்டனர். அது நிகழ்ந்தவாறு எவ்வாறு என்பதையும், விஞ்ஞானமும் கணிதமும் வலிமையுற்று விளங்குங் கல்லூரியைத் தெரிந்தெடுத்தற்கு உரிய முறை யாது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

பெயரும் பொருளும்

'லிபரல்' என்ற சொல்லுக்கு அடி 'லீபெர்' என்னும் இலத்தீன் சொல். அடிமையல்லாதவன், தன்னுரிமை உடையவன் என்பது அதன் பொருள். உரிமையுடைய ஒருவன் கற்றற்குத் தகுவன என்று பண்டை உரோமர் கொண்ட கலைகளே அப்பெயர் பெற்றன. இடைக்கால ஐரோப்பாவில் அவை ஏழாக வரையறுக்கப்பட்டன. இலக்கணம், தருக்கம், சொல்வன்மை ஆகிய மூன்றும் ஒரு கூறு. எண்கணிதம், கேத்திரகணிதம், வானநூல், இசை ஆகிய நான்கும் மற்றொரு கூறு. இசையையும் அவர்கள் சுரங்களுக்கு இடையே உள்ள எண்விகிதங்களை ஆராயும் நூலாகவே கொண்டனர். ஆகவே ஏழு கலைகளுள் நான்கு எண்ணைச் சார்ந்தவை. மூன்று எழுத்தைச் சார்ந்தவை. கணிதம் இல்லாத கலைக்கல்வி என ஒன்று அக்காலத்தவர் கருத்தில் இருந்ததேயில்லை.

நம் மரபும் இதற்கு மாறுபட்டதன்று. அறுபத்துநான்கு கலைகளைத் தொகுத்துரைக்கும் பட்டியலில் எழுத்திலக்கணமும் கணிதமும் தொடக்கத்திலேயே அருகருகே நிற்கின்றன. எண், எழுத்து என்னும் இரண்டையும் இணைத்து ஒரே மூச்சிற் சொல்வது தமிழ் வழக்கு. கலையென்றும் விஞ்ஞானமென்றும் கூறுபடுத்தி நடுவே வேலியிட்டது பிற்காலப் பாடசாலை நேரசூசியேயன்றி நம் முன்னோர் அல்லர்.

'லிபரல்' என்பதற்குத் 'தாராண்மை' என்னும் மொழிபெயர்ப்பு இன்று வழக்கில் உண்டு. அச்சொல் கொடைக்குணத்தை நினைவூட்டுமேயன்றி உரிமையைக் குறிப்பதாகத் தோன்றவில்லை. எண்ணும் எழுத்தும் எல்லார்க்கும் பொது என்னும் கருத்துப்பற்றி, இக்கட்டுரையில் அவற்றைப் 'பொதுக்கலைக் கல்லூரி' என்றே வழங்குவோம்.

நம் நாட்டோடு உள்ள தொடர்பு

இக்கல்லூரிகள் நமக்கு முற்றும் புதியன அல்ல. யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாற்றோடு அவற்றுக்கு நேரான உறவு ஒன்று உண்டு.

மசாச்சுசெற்ஸ் மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ் கல்லூரி 1793 இல் நிறுவப்பட்டது. 1806 ஆம் ஆண்டு மழைக்கு அஞ்சி ஒரு வைக்கோற்போரின் அடியில் ஒதுங்கிய அக்கல்லூரி மாணவர் ஐவர், கடல் கடந்து சென்று பணிபுரிதல் வேண்டுமெனத் தமக்குள் உறுதி செய்துகொண்டனர். அமெரிக்க மிஷன் சங்கம் 1810 இல் தோன்றுதற்கு அதுவே வித்தாயிற்று. அந்த ஐவருள் ஒருவராகிய ஜேம்ஸ் றிச்சாட்ஸ் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து, 1822 இல் இங்கேயே காலமானார். அவரோடு வந்தவருள் டானியேல் பூவர் டாட்மத் கல்லூரியிற் கற்றவர். பெஞ்சமின் மெய்க்ஸ் யேல் கல்லூரியிற் கற்றவர். தாம் பயின்ற கல்லூரியின் அமைப்பைப் பின்பற்றியே பூவர் முதலானோர் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறியைத் தொடங்கினர்.

அங்கே மதநூலோடு தமிழிலக்கணமும் ஆங்கிலமும் தருக்கமும் கேத்திரகணிதமும் வானநூலும் பௌதிகமும் ஒரே மாணவனுக்கே கற்பிக்கப்பட்டன. 1829 இல் நிகழ்ந்த சந்திரகிரகணத்தின் நேரம் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்க கணிதத்திற்கும் பூவர் கணிதத்திற்கும் வேறுபாடு எழுந்ததும், மக்கள் அதனைக் கண்ணாற் கண்டு ஒப்பிட்டதும் வரலாறு. பூவருக்குப்பின் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன் நம்நாட்டு வானநூல் முறையை நன்கு கற்று, 1848 இல் அதனை ஆங்கிலத்தில் விளக்கி யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார்.

செமினறி 1855 இல் மூடப்பட்டது. ஆயினும் அதன் பயனை இரண்டு மாணவர் உலகறியச் செய்தனர். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்களே. ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. முன்னவர் 1855 இலேயே வீசகணிதத்தைத் தமிழில் நூலாக்கித் தந்தவர். பின்னவர் 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றியவர். ஒரே கூரையின்கீழ் ஒரே பாடத்திட்டத்தைக் கற்ற இருவருள் ஒருவர் எண்ணுக்கும் ஒருவர் எழுத்துக்கும் உழைத்தனர். பொதுக்கலைக் கல்வியின் இயல்பை விளக்குதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டை அமெரிக்காவிலும் எளிதிற் காணமுடியாது.

சிறிய கல்லூரியின் வலிமை

பெரிய பல்கலைக்கழகத்தில் உயர்ந்த கருவிகள் உள. உலகறிந்த பேராசிரியர் உளர். கலாநிதிப் பட்டத்துக்கு ஆராயும் மாணவரும் உளர். ஆயின் முதலாண்டு மாணவனுக்கு அப்பேராசிரியர் எட்டாத மலையுச்சியிலே நிற்கின்றார். நூற்றுக்கணக்கானோர் இருந்து கேட்கும் மண்டபத்திலே அவர் விரிவுரை ஆற்றுவார். பயிற்சிக் கணக்குகளைத் திருத்துபவரும் ஐயந் தீர்ப்பவரும் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவரே. ஆய்வுகூடத்தின் முதலுரிமையும் அவர்களுக்கே.

பொதுக்கலைக் கல்லூரியிலோ கலாநிதிப் பட்டத்துக்கு ஆராயும் மாணவர் இலர். இருப்பினும் மிகச் சிலரே. ஆகவே கற்பிப்பவர் பேராசிரியரே. கணக்கைத் திருத்துபவரும் அவரே. அவர் ஆராய்ச்சி செய்ய விரும்பினால் துணைக்கு அழைத்தற்கு இளமாணி மாணவரையன்றி வேறு யாரும் இல்லை. பத்தொன்பது வயது மாணவன் ஒருவன் கோடை விடுமுறையிலே ஆசிரியரோடு ஒரே மேசையில் நின்று, எவர்க்கும் விடை தெரியாத வினா ஒன்றை ஆராயும் வாய்ப்பு அங்ஙனம் உண்டாகின்றது.

இதனை இரண்டு வரலாறுகளாற் காட்டுவோம்.

ஒஹாயோ மாநிலத்து ஓபலின் கல்லூரியில் பிராங் ஜுவற் என்னும் இரசாயனப் பேராசிரியர் இருந்தார். அவர் ஜெர்மனி சென்று உயர்கல்வி கற்றவர். அலுமினியம் அக்காலத்தில் அருவிலைப் பொருள். மண்ணிற் பெருகிக் கிடப்பினும் அதனை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழி எவர்க்கும் தெரியாது. அவ்வழியைக் காண்பவன் உலகுக்கும் நன்மை செய்வான், தானும் செல்வனாவான் என்று அவர் வகுப்பிலே கூறினாராம். கேட்டிருந்த மாணவருள் ஒருவர் சாள்ஸ் மாட்டின் ஹோல். ஜுவற் தம் கருவிகளையும் அறிவுரையையும் அவருக்கு வழங்கினார். அதே கல்லூரியில் இரசாயனங் கற்ற தமக்கையார் ஜூலியாவும் அவருக்கு உற்ற துணையாயிருந்தார். 1885 இற் பட்டம் பெற்ற ஹோல், 1886 பெப்ரவரி 23 இல், வீட்டின் பின்புறத்துக் கொட்டகையிலே மின்சாரத்தைச் செலுத்தி அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். பிரான்சிலே எரூல் என்பவரும் அவ்வாண்டிலேயே தனித்து அம்முறையைக் கண்டார். இன்றும் உலகில் அலுமினியம் பெறப்படுவது அடிப்படையில் அம்முறையினாலேயே.

மற்றொன்று அயோவா மாநிலத்துக் கிறினெல் கல்லூரியில் நிகழ்ந்தது. டிரான்சிஸ்ரர் என்னுஞ் சிறுகருவி 1947 இறுதியிற் பெல் ஆய்வுகூடத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டு அச்செய்தியைப் பத்திரிகையிற் கண்ட பௌதிக ஆசிரியர் கிராண்ட் கேல், தமக்கிருந்த தொடர்பைக்கொண்டு அக்கருவிகளைப் பெற்றுத் தம் மாணவர்க்குக் கற்பித்தார். சோள வயல்களின் நடுவே இருந்த அச்சிறு கல்லூரிக்கு, பல பெரிய பல்கலைக்கழகங்களுக்குக் கிட்டுமுன்னரே அப்புதுமை கிட்டியது. அவரிடம் பயின்ற ரொபேட் நொய்ஸ் கணிதத்திலும் பௌதிகத்திலும் 1949 இற் பட்டம் பெற்றார். பத்தாண்டின் பின் ஒருங்கிணைந்த மின்சுற்றை ஆக்கியோருள் ஒருவராயினார். 1968 இல் இன்ரெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரும் ஆனார்.

அந்நொய்ஸ் மாணவப் பருவத்திலே ஒரு விருந்துக்காக அயலார் ஒருவரின் பன்றியைத் திருடி அகப்பட்டுக்கொண்டவர். விவசாய நாட்டில் அது பெருங்குற்றம். கல்லூரியை விட்டே நீக்கப்பட்டிருப்பார். கேல் முதலியோர் பரிந்து பேசியமையால் ஒரு தவணை விலக்கத்தோடு தப்பினார். ஆசிரியர் மாணவனைப் பெயரும் குணமும் அறிந்திருந்தமையாலன்றோ அப்பரிவு பிறந்தது? பெயர்ப்பட்டியலில் ஓர் இலக்கமாக மட்டும் அவர் இருந்திருப்பின் அவருக்காகப் பேசுவார் யார்?

தனிமனிதர் வரலாறு போக, தொகையான சான்றும் உண்டு. விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றோர் தம் முதற் பட்டத்தை எங்குப் பெற்றனர் என்று அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றம் கணக்கெடுத்து வருகின்றது. மாணவர் தொகைக்கு ஏற்ற விகிதத்தைப் பார்த்தால், கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகம், மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகம் ஆகிய பெருநிறுவனங்களோடு ஹாவி மட், றீட், சுவாத்மோர், காள்ற்றன், கிறினெல் முதலிய சிறு கல்லூரிகளும் முன்வரிசையில் நிற்கின்றன. 1975 இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஹவாட் ரெமின், டேவிட் போல்ரிமோர் ஆகிய இருவரும் சுவாத்மோர்க் கல்லூரியின் பழைய மாணவர். கிறினெல் கல்லூரியிற் கற்று 1989 இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு பெற்ற தோமஸ் செக், சிறு கல்லூரிகளில் விஞ்ஞானக் கல்வி சிறந்து விளங்கும் காரணத்தை ஆராய்ந்து 1999 இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

மொழியாசிரியர் இருவர்

தமிழாசிரியர்களாகிய நாம் சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்க இரண்டு செய்திகள் உள.

இலத்திரனின் மின்னேற்றத்தை அளந்து 1923 இற் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு பெற்ற ரொபேட் மில்லிகன், ஓபலின் கல்லூரியிற் கிரேக்க மொழியை விரும்பிக் கற்றுக்கொண்டிருந்த மாணவர். 1889 இல் அவருடைய கிரேக்க ஆசிரியர் அவரை அழைத்து, கீழ்வகுப்புக்குப் பௌதிகம் கற்பிக்குமாறு பணித்தார். தமக்குப் பௌதிகம் தெரியாதே என்று மாணவர் தயங்கினார். தம்முடைய கிரேக்க வகுப்பில் நன்கு செய்யக்கூடியவர் பௌதிகமும் கற்பிக்கலாம் என்பதே ஆசிரியரின் மறுமொழி. கற்பித்தற்காகக் கற்கத் தொடங்கிய மில்லிகன் பிறகு அத்துறையை விட்டு விலகவேயில்லை.

நூற்றாண்டொன்று கழிய அதுபோன்ற நிகழ்ச்சி ஒன்று கலிபோர்னியாவிலுள்ள பொமோனாக் கல்லூரியில் நடைபெற்றது. ஜெனிபர் டௌட்னா என்னும் மாணவிக்கு முதலாண்டிலே இரசாயனம் கடினமாகத் தோன்றிற்று. பிரெஞ்சு மொழிக்கு மாறிவிடலாமா என்று எண்ணினார். பிரெஞ்சு ஆசிரியரோ விஞ்ஞானத்திலேயே நிற்குமாறு அறிவுரை கூறினார். 1985 இல் இரசாயனத்திற் பட்டம் பெற்ற அம்மாணவி, மரபணுவை விரும்பியவாறு திருத்தும் முறையைக் கண்டமைக்காக 2020 இல் இம்மானுவேல் சார்ப்பாந்தியேயோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தம் பாடத்துக்கு மாணவரைச் சேர்ப்பதையே மொழியாசிரியர் பலர் வெற்றியெனக் கருதும் உலகில், இவ்விருவரும் மாணவரின் நன்மை எதுவோ அதனையே கருதினர். கிரேக்க ஆசிரியரும் பௌதிக ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் சிறிய கல்லூரியிலே இத்தகைய மனப்பான்மை எளிதில் வளர்கின்றது போலும்.

எதிர்வழியிற் சென்றோரும் உளர். ஓபலினில் ஆங்கில இலக்கியத்திற் பட்டம் பெற்ற றோஜர் ஸ்பெரி மூளையை ஆராய்ந்து 1981 இலும், அம்ஹேர்ஸ்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்திற் பட்டம் பெற்ற ஹரோல்ட் வாமஸ் புற்றுநோய்க்குரிய மரபணுக்களை ஆராய்ந்து 1989 இலும் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பெற்றனர். இலக்கியங் கற்ற அறிவு விஞ்ஞானத்துக்குத் தடையாயிற்று என்று இவர்களைக் கண்டார் சொல்லார்.

தெரிவு செய்யும் முறை

பொதுக்கலைக் கல்லூரி என்னும் பெயருடையன யாவும் விஞ்ஞானத்திற் சிறந்தன அல்ல. பெயரையும் கட்டடத்தையும் கண்டு மயங்காது ஆராய்ந்து தெரிதல் வேண்டும். பத்திரிகைகள் வெளியிடும் வரிசைப் பட்டியல்கள் 1983 முதல் அந்நாட்டிற் பெருவழக்காயின. அவை கல்லூரியின் செல்வத்தையும் புகழையும் அளப்பதிற் காட்டும் திறமையைக் கணித வகுப்பின் தரத்தை அளப்பதிற் காட்டுவதில்லை. மாணவர் தாமே கேட்டறிய வேண்டிய வினாக்கள் சில உள.

முதலாவது, கணிதத் துறையில் ஆசிரியர் எத்தனைபேர்? மெய்ப்பகுப்பியல், நுண்ணட்சரகணிதம், இடத்தியல் முதலிய மேற்பாடங்கள் ஆண்டுதோறும் நடைபெறுகின்றனவா, ஓராண்டு விட்டு ஓராண்டா, அன்றிக் கையேட்டில் மட்டும் உள்ளனவா? ஆசிரியர் மூவர் மட்டுமே உள்ள துறையிற் பாடங்கள் சுருங்குவது இயல்பு. கையேட்டைப் பாராமல், சென்ற இரண்டாண்டின் நேரசூசியைப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, மாணவரின் சொந்த ஆராய்ச்சிக்கு இடம் யாது? ஓறெகன் மாநிலத்து றீட் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியே தீரவேண்டும். அங்கே 1968 முதல் ஓர் அணு உலை உண்டு. அதனை இயக்குவோர் பெரும்பாலும் இளமாணி மாணவரே. அத்துணைப் பெருங்கருவி எங்கும் இருத்தல் வேண்டுமென்பதன்று. இருக்குங் கருவியைத் தொட மாணவனுக்கு உரிமை உண்டா என்பதே வினா.

மூன்றாவது, கற்றதைச் சோதிப்பவர் யார்? சுவாத்மோர்க் கல்லூரியில் 1922 இல் அதிபர் பிராங் எயிடலொட் தொடங்கிய சிறப்புத் திட்டத்திலே, வெளியிலிருந்து வரும் அறிஞரே மாணவரை எழுத்தாலும் வாய்மொழியாலும் தேர்வர். வில்லியம்ஸ் கல்லூரியிலே இருவர் மட்டும் கொண்ட வகுப்புகள் உள. வாரந்தோறும் ஒருவர் எழுதிவர மற்றவர் அதனை மறுத்தாராய, ஆசிரியர் நடுவிருப்பார். கணிதத்தையும் அங்ஙனம் வாய்விட்டு விளக்கப் பழகிய மாணவனுக்கு அது நெஞ்சில் நிலைக்கும்.

நான்காவது, இரு துறையும் உண்மையிலே கலக்கின்றனவா? கலைமாணவர்க்கெனப் பிழிந்தெடுத்த சக்கையான விஞ்ஞானம் ஒன்றும், விஞ்ஞான மாணவர்க்கெனப் பெயரளவிலான இலக்கியம் ஒன்றும் வைத்திருக்குங் கல்லூரி பொதுக்கலைக் கல்லூரி ஆகாது. 1955 இல் நிறுவப்பட்ட ஹாவி மட் கல்லூரி விஞ்ஞானமும் பொறியியலும் கணிதமுமே கற்பிப்பது. ஆயினும் இலக்கியம், வரலாறு முதலியவற்றை மாணவர் எல்லாரும் கணிசமாகக் கற்றல் வேண்டும். அனாபொலிஸ் நகரத்துச் சென் ஜோன்ஸ் கல்லூரி 1937 முதல் வேறொரு நெறியிற் செல்கின்றது. அங்கே பாடநூல்கள் இல்லை, மூலநூல்களே உள. யூக்கிளிட்டு, தொலமி, நியூற்றன் ஆகியோரை மாணவர் அனைவரும் நேரே பயில்வர். பிளேற்றோவையும் அவ்வாறே பயில்வர். உரையாசிரியரை விட்டு மூலத்தை நாடும் பழக்கமுடைய நமக்கு அந்நெறியின் அருமை நன்கு விளங்கும்.

ஐந்தாவது, மாணவிகளுக்கு அங்கே உள்ள இடம் யாது? மகளிர்க்கெனத் தோன்றிய கல்லூரிகள் இத்துறையிற் பெரும்பணி ஆற்றியுள்ளன. வால்வெள்ளி ஒன்றை 1847 இற் கண்டறிந்த மரியா மிச்செல், வாசார்க் கல்லூரியின் முதல் வானநூற் பேராசிரியர். கணினித் துறையின் முன்னோடியருள் ஒருவராகிய கிறேஸ் ஹொப்பர் அங்கே 1928 இற் பட்டம் பெற்று, அங்கேயே கணிதம் கற்பித்தவர். 1933 இல் ஜெர்மனியிற் பதவி பறிக்கப்பட்ட பெருங்கணித அறிஞர் எம்மி நோதருக்குப் பதவி அளித்தது பிறின் மோர் மகளிர் கல்லூரி. 1935 இற் காலமாகும்வரை அவர் அங்கே கற்பித்தார். வாசார் பின்னர் ஆடவரையும் சேர்த்துக்கொண்டது. ஸ்மித், வெல்ஸ்லி, மவுண்ட் ஹோலியோக் முதலியன மகளிர் கல்லூரிகளாகவே தொடர்கின்றன.

ஆறாவது, பட்டம் பெற்றோர் எங்கே சென்றனர்? கடந்த ஐந்தாண்டிற் கணிதத்திலும் பௌதிகத்திலும் தேறியோரின் பட்டியலைக் கேட்டால் நல்ல கல்லூரி மகிழ்ந்து தரும். தரத் தயங்குங் கல்லூரியைப் பற்றி அத்தயக்கமே போதிய விடையாகும்.

குறைகளும் கூறல் வேண்டும்

ஒருபக்கம் மட்டும் உரைத்தல் நடுநிலையன்று. இக்கல்லூரிகட்கு எல்லை உண்டு. பள்ளியிலேயே பல்கலைக்கழகக் கணிதத்தைக் கடந்துவிட்ட அருந்திறல் மாணவனுக்குச் சிறு கல்லூரியின் மேற்பாடங்கள் இரண்டாண்டில் முடிந்துபோகலாம். அவனுக்குப் பட்டமேல் வகுப்புகள் உள்ள பல்கலைக்கழகமே தகும். பெருங்கருவி வேண்டும் ஆராய்ச்சிகளும் சிறு கல்லூரியில் அரிது. பொறியியல் பெரும்பாலானவற்றில் இல்லை. சுவாத்மோர், ஸ்மித் போன்ற சிலவே அதனைக் கற்பிக்கின்றன. ஏனையவற்றுட் பல, மூன்றாண்டு தம்மிடமும் இரண்டாண்டு ஒரு பொறியியற் பீடத்திலும் கற்று இரு பட்டம் பெறும் வழியை அமைத்துள்ளன.

மருத்துவம் விரும்புவோர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். நம்நாட்டிற்போல உயர்தர வகுப்பிலிருந்து நேரே மருத்துவ பீடம் புகும் வழக்கம் அங்கே பொதுவாக இல்லை. நான்காண்டுப் பட்டத்தின் பின்னரே மருத்துவக் கல்வி நான்காண்டு தொடங்கும். பிறநாட்டார்க்கு அங்கே கிடைக்கும் இடமும் மிகக் குறைவு.

பொருட்செலவு யாவற்றினும் பெரிய தடை. அச்சிட்ட கட்டணத்தைக் கண்டால் நம்நாட்டு ஆசிரியர் ஒருவரின் வாழ்நாள் ஊதியமும் போதாதெனத் தோன்றும். ஆயின், அச்சிட்ட கட்டணம் வேறு, செலுத்தும் கட்டணம் வேறு. செல்வம் படைத்த சில கல்லூரிகள், சேர்த்துக்கொண்ட மாணவரின் குடும்ப நிலைக்கேற்பக் குறைநிரப்பி உதவுகின்றன. உதவி வேண்டும் என்று கேட்பதே பிறநாட்டு மாணவரின் அனுமதியைப் பாதிக்கும் கல்லூரிகளும் உள; பாதியாத கல்லூரிகள் மிகச் சில. இதனை முன்னரே எழுதிக் கேட்டுத் தெளிதல் வேண்டும். கென்ரக்கி மாநிலத்துப் பெரீயாக் கல்லூரி ஒரு தனிவகை. அது கற்பித்தற் கட்டணம் வாங்குவதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் கல்லூரிக்காக உழைத்தல் வேண்டும். 2002 இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு பெற்ற ஜோன் பென் அக்கல்லூரி மாணவரே. வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்ட அதே 1855 இல் தோன்றியது அக்கல்லூரி.

நமக்கு வேண்டுவது

அமெரிக்கா சென்று கற்போர் நம்மவருள் ஒரு சிலரே. ஏனையோர்க்கு இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை எனின், பயன் உண்டு.

நம் பாடசாலைகளிற் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றை நிறுத்தி, 'நீ எண்ணின் பக்கமா, எழுத்தின் பக்கமா?' என்று கேட்கின்றோம். கணிதத்திற் சித்தி குறைந்தால் 'நீ கலைப்பிரிவுக்குப் போ' என்கின்றோம். தமிழ் கற்றலைத் தோற்றவர்க்கு அளிக்கும் தண்டனையாக்கி வைத்திருக்கின்றோம். இதனாற் கெடுவது தமிழ் மட்டுமன்று. கணிதப் பிரிவிலே நல்ல தமிழுணர்ச்சியுடைய மாணவர் எத்தனையோ பேர், அவ்வுணர்ச்சியை மறைத்து, பின் மறந்து, தாம் கற்ற விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் ஒரு பக்கம் எழுத இயலாதவராய் வெளியேறுகின்றனர். 1855 இல் வீசகணிதத்தைத் தமிழில் எழுதியவருக்குக் கைவந்தது இன்றைய பொறியியலாளர் பலர்க்குக் கைவரவில்லையெனின், குற்றம் அவர்களுடையதன்று, வேலியிட்டவர்களுடையது.

உயர்தர வகுப்பின் பிரிவுகளை நாம் நாளையே மாற்றல் இயலாது. ஆயின், கணிதப் பிரிவு மாணவரைத் தமிழ்மன்றத்துக்கு அழைக்க எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. கிரகணத்தைப் பற்றியோ பூச்சியத்தைப் பற்றியோ ஒரு கட்டுரை எழுதச் சொல்லித் திருத்திக் கொடுக்கப் புதிய பாடத்திட்டம் வேண்டுவதில்லை. யாப்பிலக்கணத்தில் அசையும் சீரும் விரவிப் பெருகும் முறையைக் காட்டி, அதனுள் மறைந்திருக்குங் கணக்கைக் கலைப்பிரிவு மாணவர்க்கு உணர்த்துதல் எந்தத் தமிழாசிரியருக்கும் கூடும்.

கல்லூரி தெரியும் மாணவர்க்கு இறுதியாக ஒன்று கூறுவோம். அமெரிக்காவாயினும் பேராதனையாயினும் யாழ்ப்பாணமாயினும், சேருமுன் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இங்கே என்னைப் பெயர்சொல்லி அழைத்து, என் கணக்கையும் என் வாக்கியத்தையும் ஒருங்கே திருத்தும் ஆசிரியர் இருக்கின்றாரா? இருக்கின்றார் எனின் அங்கே செல்க. பேர்பெற்ற கட்டடம் அதற்கு அடுத்தபடியே.